ஸ்கேல் விழுந்த தூரம்

எங்கள் வீட்டு வக்கீலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிறவள் இல்லை, எட்டாம் வகுப்புக்குப் போகிறவள். என் மகள்தான். பல் தேய் என்றாலும் ஏன் என்பாள், தேய்க்காதே என்றாலும் ஏன் என்பாள். அவள் வாய்க்குப் பயந்து அவள் அப்பா வைத்த பெயர் அது.

வேலை இதுதான். ஆளுக்கு ஒரு சோதனையைத் தாங்களே யோசித்து, வீட்டிலேயே செய்து, சார்ட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கடையில் விற்கிற எரிமலை, பேட்டரி காற்றாடி எதுவும் நடக்காது என்று அறிவியல் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டாராம். கேள்வி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுக் குதிக்கக் கூடாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். என்ன வந்ததோ அதைத்தான் எழுத வேண்டும், என்ன வரவேண்டும் என்று ஆசைப்பட்டோமோ அதை எழுதக் கூடாது. இதையெல்லாம் அவள் என் தையல் மெஷின் பக்கத்தில் நின்று ஒப்பித்தபோது நான் யாரோ ஒருவருடைய பேண்ட்டைக் குட்டையாக்கிக்கொண்டிருந்தேன். நல்ல டீச்சர் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அந்த அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

முதலில் பல்லிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று பார்க்கச் சுவரெல்லாம் கலர் பேப்பர் ஒட்டினாள். பல்லி ஒத்துழைக்கவில்லை. அப்புறம் எந்த சோப்பில் நுரை அதிகம் என்று வீட்டிலிருந்த சோப்பையெல்லாம் கரைத்து வைத்தாள். நான் ஒத்துழைக்கவில்லை. மூன்றாவதாகத்தான் அவள் கண் அவள் அப்பா மேல் விழுந்தது.

அவர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர், தனியார் கம்பெனியில். சாயங்காலம் இங்கே கிளம்பினால் விடியும்போது அந்த ஊர், மறுநாள் சாயங்காலம் அங்கே கிளம்பினால் விடியும்போது இந்த ஊர். வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் சிவந்து கிடக்கும். நாம் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்லுவார். செருப்பை ஒரு மூலையிலும் பையை ஒரு மூலையிலும் போட்டுவிட்டு விழுவார். மதியம் வரைக்கும் நான் மெஷினை ஓட்ட மாட்டேன், மிக்ஸியைத் தொட மாட்டேன். லீவு நாளில் மட்டும்தான் எல்லோரையும்போல ராத்திரி தூங்கிக் காலையில் எழுந்திருப்பார்.

இந்தப் பகல் தூக்கமும் சில நாள் கிடைக்காது. யாராவது ஒரு டிரைவர் வரவில்லை என்றால், விடியற்காலை வந்து இறங்கினவரையே பகல் வண்டிக்கு ஏற்றிவிடுவார்கள். ஒரே ஒரு டிரிப் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்பார்கள். அந்த ஒரே ஒரு டிரிப் மாதத்தில் பாதி நாள் வரும். இது ஆகாது, நடுவில் தூங்க இடைவெளி வேண்டும், ராத்திரி ஓட்டி வந்தவனை அன்றைக்குப் பகலில் கூப்பிடவே கூடாது என்று முதலாளியிடம் கேட்டுவிடுவதென்று டிரைவர்கள் எல்லாம் அந்தச் சமயத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபப்படாமல் பேசத் தெரிந்தவர் என்று என் வீட்டுக்காரரைத்தான் முன்னால் நிறுத்துவதாக ஏற்பாடு. அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் அதே பேச்சுதான்.

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வக்கீலுக்கு அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். தூங்காவிட்டால் கை மெதுவாகிவிடுமா, இதுதான் கேள்வி. ஒரே ஆள், ஒரே கை, ஒரே நாற்காலி, ஒரே ஸ்கேல், காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் ஒரே நேரம். மாறுவது ஒன்றுதான். சில காலை தூங்கி எழுந்த அப்பா, சில காலை வண்டி ஓட்டிவிட்டு வந்த அப்பா. எனக்கே மலைப்பாக இருந்தது. இவ்வளவு வசதியான சோதனைப் பொருள் வேறு எந்த வீட்டில் கிடைக்கும் என்று அவரைக் கிண்டல் செய்தேன்.

செய்வது சுலபம். அவர் மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவள் எதிரே நின்று முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலின் மேல் முனையைப் பிடித்துக்கொண்டு, பூஜ்ஜியம் அவர் விரல்களுக்கு நடுவே வருகிறமாதிரி தொங்கவிடுவாள். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுவாள். அவர் பிடிக்க வேண்டும். எந்தக் கோட்டில் பிடித்தாரோ அதுதான் ஸ்கேல் விழுந்த தூரம். தூரம் அதிகமானால் கை மெதுவாக இருக்கிறது என்று அர்த்தம். காலைக்கு ஐந்து தடவை.

டீச்சர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒருவரை மட்டும் வைத்துப் பார்த்தால் பத்தாது, இன்னும் நாலைந்து டிரைவர்களையும் சேர்த்துக்கொள் என்று. வக்கீல் தன் அப்பாவிடம் பஸ் ஷெட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னாள். அவர் சிரித்தார். அங்கே எல்லாரும் செத்துச் சுண்ணாம்பாகி வந்து இறங்குவார்கள், அவர்களிடம் போய் ஸ்கேலை நீட்டினால் நன்றாக இருக்குமா, நான் ஒருத்தன் போதாதா வக்கீலம்மா என்றார். நாளும் குறைவாகத்தான் இருந்தது. அவளும் விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் நடந்தது இந்தக் கூத்து. தூங்கி எழுந்த காலைகளில் பதினாறு, பதினேழு என்று வந்தது. வண்டி ஓட்டிவிட்டு வந்த காலைகளிலும் பதினாறு, பதினேழு. ஒரு நாள் பதினைந்துகூட வந்தது. அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எனக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன மகராசி எங்கே என்று சமையலறையை எட்டிப் பார்த்தார். எனக்கு நம்பவே முடியவில்லை. டம்ளரைக் கொடுத்தால் மேலெல்லாம் ஊற்றிக்கொள்கிற மனிதர், சட்டைப் பட்டனை ஒன்று மாற்றி ஒன்று கழற்றுகிற மனிதர், ஸ்கேலை மட்டும் கப்பென்று பிடிக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டேன். வக்கீலுக்கு முகம் வாடிப்போனது. அவள் எதிர்பார்த்தது வேறு. ஆனால் வந்ததைத்தான் எழுத வேண்டும் அல்லவா, எழுதினாள். என் அப்பாவின் கை வேகத்தைத் தூக்கம் மாற்றவில்லை என்று பச்சை ஸ்கெட்ச்சில் பெரிதாக எழுதினாள். அதற்குக் கீழே பென்சிலில் சின்னதாக, ஒருவரை மட்டுமே சோதித்தேன் என்றும் எழுதினாள்.

பள்ளிக்கூடத்தில் அதையெல்லாம் ஹாலில் ஒட்டி, வெளியாட்களையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் யார் என்று நினைக்கிறீர்கள், எங்கள் பஸ் முதலாளிதான். அந்த ஹாலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு சார்ட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், வக்கீலின் சார்ட் முன்னால் நின்றார். யார் மகள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பச்சை எழுத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பென்சில் எழுத்தைப் படித்தாரா தெரியாது. சபாஷ் என்று அவள் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் செல்போனில் அந்தச் சார்ட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயெல்லாம் பல்லாக. அன்றைக்குப் புதுச் செருப்பு வேறு போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் டிரைவர்கள் முதலாளி அறைக்குப் போனார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் படுக்கவில்லை, என் மெஷினுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். துணி வெட்டிய துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

இவர் அழகாகத்தான் ஆரம்பித்தாராம். முதலாளியும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாராம். எல்லாம் கேட்டுவிட்டுச் செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்தாராம். உன் மகளே நாலு பேர் பார்க்க எழுதி ஒட்டியிருக்கிறாள், நீயே கையை நீட்டிக் கொடுத்திருக்கிறாய், தூங்கினாலும் ஒன்றுதான் தூங்காவிட்டாலும் ஒன்றுதான், அப்புறம் என்னய்யா உங்களுக்கு இடைவெளி என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். கூட வந்தவர்களும் முதலில் சிரித்திருக்கிறார்கள். படியிறங்கி வந்த பிறகு ஒருவரும் இவரோடு பேசவில்லை. பாட்டுக்காரர் மட்டும் தோளில் கை வைத்து, ஏன் தம்பி இப்படிப் பண்ணினே என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

பாட்டுக்காரர் என்பவர் அங்கே மூத்த டிரைவர். தூக்கம் வந்தால் உரக்கப் பாடிக்கொண்டே ஓட்டுவார், பயணிகள் சண்டைக்கு வந்தாலும் நிறுத்த மாட்டார். எங்கள் வக்கீலுக்கு அவர் பெரியப்பா முறை. அந்த இடைவெளியை முதலில் கேட்டவரே அவர்தான். இப்போதெல்லாம் பாடினாலும் தூக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குழந்தை எழுதினதை வைத்தா இவ்வளவு பெரிய விஷயத்தை முடிவு பண்ணுவார்கள் என்று நான் முதலாளியைத் திட்ட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது தப்பான கணக்கு. நான் ஸ்கேலைப் பார்த்துப் பிடிக்கல. அவ முகத்தைப் பார்த்துப் பிடிச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"விடறதுக்கு முன்னாடி அவ கீழ் உதட்டை உள்ள இழுத்துக்குவா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். ஊசி போடறப்பவும் அப்படித்தான். உதடு உள்ள போனா அடுத்தது ஸ்கேல் வரும்னு எனக்குத் தெரியாதா."

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாள் ஸ்கேலைப் பார்த்துத்தான் பிடித்தாராம். வண்டி ஓட்டிவிட்டு வந்த முதல் காலையில் ஸ்கேல் நழுவிக்கொண்டு போகும்போலிருந்ததாம், அப்போதுதான் உதட்டைக் கவனித்துப் பிடித்தாராம். அப்புறம் அப்படியே தொடர்ந்துவிட்டார். நான் விடவில்லை. பொண்ணுகிட்ட ஜெயிக்கணும்னு அவ்வளவு ஆசையா என்று கேட்டேன்.

"ஜெயிக்க இல்ல. கை இப்படித் தடுமாறுதுன்னு பார்த்துட்டா, ராத்திரி நான் கிளம்பும்போதெல்லாம் அவ பயந்துகிட்டு உக்காந்திருப்பா. அதான்."

எனக்கு வந்த கோபத்தில் கத்திரிக்கோலை மேஜை மேல் ஓங்கிப் போட்டேன். ஆனால் யாரைத் திட்டுவது. மகள் பயப்படக் கூடாது என்று நினைத்த மனிதரை என்னவென்று திட்டுவது. அவள் உதட்டை எனக்கும்தான் தெரியும். அவள் ஸ்கேல் விடும்போது நான் அடுப்படியில் இருந்தேன், இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் பிடித்திருப்பேன்.

வக்கீல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி சொன்னதையும் சொன்னார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அழவும் இல்லை. டீச்சரிடம் என்னவென்று சொல்லுவது என்று மட்டும் கேட்டாள். அப்புறம், பிடிக்கிறவருக்கும் விடுகிறவருக்கும் நடுவில் மறைப்பு வைத்திருக்க வேண்டும், தனக்கு அது தோன்றவே இல்லை என்றாள். தப்பு தன்னுடையது என்றே பேசினாள். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மறுபடியும் செய்தார்கள். அறைக்குள் துணி காயப்போடும் கொடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். துண்டுக்கு அடியில் கையும் ஸ்கேலும் மட்டும்தான் தெரியும். லீவு நாள் காலையில் பதினெட்டு வந்தது. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ராத்திரி வண்டி ஓட்டி வந்தவரைப் பகல் டிரிப்புக்கும் அனுப்பி, திரும்பி வரச் சாயங்காலமாகிவிட்டது. நேரம் மாறிப்போச்சு, இது கணக்கில் வராது என்றாள் வக்கீல். வராவிட்டாலும் பரவாயில்லை, பார் என்று அவரே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் தடவை ஸ்கேல் அவர் விரலைத் தொட்டுக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. இரண்டாவது தடவையும் தரைதான். மூன்றாவது தடவை ஸ்கேலின் கடைசி நுனியில் பிடித்தார். நான்காவது தடவை ஸ்கேல் விழுந்த பிறகுதான் விரல் மூடியது. அவர் லேசாகச் சிரித்தார். 

"அப்பா, இன்னைக்கு வண்டியில எத்தனை பேர் வந்தாங்க?" என்று துண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

 அவர் ஸ்கேலைக் குனிந்து எடுத்துத் துண்டுக்கு அடியில் நீட்டினார். ஐந்தாவது தடவை அவள் செய்யவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் விடியற்காலை வந்த நாட்களை மட்டும் எடுத்து, அதே நேரத்தில், டீக்கு முன்னால், துண்டு கட்டி முறையாகச் செய்தாள். எல்லாம் இருபத்தைந்துக்கு மேல்தான், பாதி தடவை தரை. ஹாலில் சார்ட்டையெல்லாம் எப்போதோ கழற்றிவிட்டார்கள். டீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்து, தன் தப்பைத் தானே கண்டுபிடிப்பதுதான் பெரிய விஷயம் என்றாராம். அது பள்ளிக்கூடத்துக்குச் சரி.

முதலாளியிடம் போவோம் என்று சொன்னது என் வீட்டுக்காரர்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் ஆசை இருந்தது. தப்பான சார்ட்டைப் பார்த்து இல்லை என்று சொன்னவர், சரியான சார்ட்டைப் பார்த்தால் சரி என்று சொல்லித்தானே ஆக வேண்டும். இதை நான் நிஜமாகவே நம்பினேன். இவ்வளவு வயதாகியும் இதை நம்பினேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மூன்று பேரும் போனோம். ஷெட்டுக்கு மேலே மாடியில் அவர் அறை. கண்ணாடிக்கு வெளியே கீழே பஸ்களின் கூரை வரிசையாகத் தெரியும். முதலாளி எங்களை உட்காரச் சொன்னார், வக்கீலுக்கு ஜூஸ் வரவழைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம். அவள் எழுந்து நின்று, நான் செய்த சோதனையில் தப்பு இருந்தது சார், அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டார், இதுதான் சரியானது என்று புதுச் சார்ட்டை விரித்தாள்.  அவருக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. எங்கே என் கையைப் பார் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேஜை மேல் முழங்கையை ஊன்றினார். அவள் என் துப்பட்டாவை வாங்கிக் குறுக்கே பிடிக்கச் சொல்லிவிட்டு ஸ்கேலை விட்டாள். பதினாலு. அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தடவை என்றார். அதுவும் பதினைந்துக்குள்தான் வந்தது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து சார்ட்டை நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தார். தரை, தரை, இருபத்தெட்டு, தரை என்று முணுமுணுத்தார். அவர் முகம் மாறியது. நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்னய்யா இது. கை இந்த லட்சணத்துல இருக்கு, உன்னை நம்பி எப்படி வண்டியைக் குடுக்கறது?"

இவர் எழுந்து நின்றார். எனக்கு மட்டும் இல்லை முதலாளி, ராத்திரி ஓட்டி வந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், அதற்காகத்தான் இடைவெளி கேட்டோம் என்றார். முதலாளி சார்ட்டைத் திருப்பி, இதிலும் அவள் பென்சிலில் எழுதியிருந்த கடைசி வரியைக் காட்டினார். இந்தத் தடவை அதைப் படித்தார்.

"ஒருத்தரைத்தானே பார்த்திருக்கு. இது உன் ஒருத்தன் கை."

"அன்னைக்கும் ஒருத்தர்தானே சார்" என்றாள் வக்கீல்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்லா பேசறா, நல்லா படிக்க வை என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பேச வேண்டிய நேரத்தில் எனக்கு எப்போதும் பேச்சு வராது, வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வண்டி இல்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை, ஷெட்டில் போட்டார்கள். டயருக்குக் காற்று அடிப்பது, வண்டி கழுவுவது, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது, எடுப்பது. பயணிகள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், எனக்கு வேறு வழி இல்லை என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னாராம். அதையும் மறுத்துப் பேச முடியாதே. ஆனால் ஒரு டிரைவர் குறைந்ததற்குப் புது ஆள் எடுக்கவில்லை. அவருடைய ராத்திரி வண்டியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். முன்னே பாதி நாள் வந்த ஒரே ஒரு டிரிப் இப்போது எல்லா நாளும் வர ஆரம்பித்தது.

இப்போது அவர் ராத்திரி முழுக்க வீட்டில் இருக்கிறார். முதல் சில நாள், அவர் மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனி ஃபோன் அடித்தால் பதறி எழுந்திருக்க வேண்டாம். அப்படி நிம்மதிப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டு பயத்தை எடுத்து இன்னொரு வீட்டில் வைத்துவிட்டோம், அவ்வளவுதான் நடந்தது. பாட்டுக்காரர் மனைவியை ஒரு நாள் ரேஷன் வரிசையில் பார்த்தேன். வாங்க என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. 

என் வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒரு தடவைதான், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். முதல் நாளே ஸ்கேலைத் தரையில விட்டிருக்கணும், என்று. நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன், ஊற்றினபடியே நின்றுவிட்டேன். வக்கீல் தலை நிமிராமல், நான் அன்னைக்கே இன்னும் நாலு பேரைப் பார்த்திருக்கணும் என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பங்காக அந்தத் தப்பை இழுத்துக்கொண்டு சாப்பிட்டதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவள் அதோடு விடவில்லை. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மற்ற டிரைவர்களையும் பார்த்துவிட்டால் முதலாளி ஒருத்தன் கை என்று சொல்ல முடியாது என்றாள்.  பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை, காலையில் ஷெட்டுக்கு என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேலும் துண்டும் பையில் வைத்திருந்தாள்.

ராத்திரி வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றுகொண்டிருந்தன. டிரைவர்கள் இறங்கிக் குழாயடியில் முகம் கழுவினார்கள். இவள் ஒவ்வொருவரிடமும் போய், பெயர் எழுத மாட்டேன், நம்பர்தான் போடுவேன், ஐந்தே ஐந்து தடவை என்று விளக்கினாள். ஒருவர் கை ஈரமாக இருக்கிறது என்றார். ஒருவர் அவசரமாகப் போக வேண்டும் என்றார், போய் அங்கேயே டீ குடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் உங்கப்பா எங்கே இருக்கார் பார்த்தியா என்று கேட்டார். யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் விலகிப் போனார்கள்.

கடைசியாகப் பாட்டுக்காரர் வந்தார். முகம் வீங்கியிருந்தது. வக்கீலைப் பார்த்ததும் வழக்கம்போல அவள் ஜடையைப் பிடித்து இழுத்தார். அவள் ஸ்கேலை எடுத்தாள். நீங்கதான் பெரியப்பா முதல்ல கேட்டீங்க, நீங்க கை குடுத்தா மத்தவங்களும் குடுப்பாங்க என்றாள். அவர் அந்த ஸ்கேலைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு வண்டிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வலது கையை மெல்லப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்கும் வீட்டுல ரெண்டு இருக்கு பாப்பா" என்றார்.

மாடியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். பகல் வண்டிக்கு ஆள் இல்லையாம், ஒரே ஒரு டிரிப். அவர் சரி என்று கையைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் இன்னொரு தடவை தண்ணீரை அடித்துக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கட்டையை எடு தம்பி என்றார்.

என் வீட்டுக்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து முன் சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையை இழுத்து எடுத்தார். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கிருந்து நகராமல் வண்டிக்கு நேர் முன்னாலேயே நின்றார். பாட்டுக்காரர் ஹாரன் அடிக்கவில்லை, அவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் கட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி, போகலாம் என்று கையைக் காட்டினார். வண்டி கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தவர்களை ஏற்றிக்கொள்ளப் போனது.